அந்தப் பையனின் மணிக்கட்டை யாராவது பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடிப்பெருக்கு முடிந்து இரண்டு நாள் கழித்து உங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. நாலைந்து வரிதான். மதகுக் கட்டையில் ஏறி ஆற்றில் தலைகீழாகக் குதித்த 19 வயதுப் பையன், தண்ணீருக்கு அடியில் மணல் திட்டு இருந்தது தெரியாமல் தலை மோதி, கழுத்து எலும்பு முறிந்து, கை கால் அசைவில்லாமல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறான் என்று போட்டிருந்தீர்கள்.

அதை முதலில் பார்த்தது என் கணவர். நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். "இங்க வா, இதைப் படி" என்று கூப்பிட்டார். படித்துவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவர் சொன்னார்: "அந்தப் புள்ளையோட அம்மாவுக்கு யாராச்சும் கையைப் பத்திச் சொல்லணும்." கழுத்து அடிபட்டுச் செயலிழந்த கைக்கு ஆபரேஷன் செய்து ஓரளவு பிடி கொண்டுவரலாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போய்விட்டால் மன்னிக்கவும். இடம் போதாமல் வெட்டுவதானால், கையைப் பற்றிச் சொல்லும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

நாங்கள் பாபநாசம் வட்டத்தில் குடமுருட்டிக் கரையோரம் ஒரு கிராமம். நான் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். என் கணவர் மூட்டை தூக்கும் வேலை பார்த்தவர். 2016 தை மாதம், சம்பா அறுப்பு முடிந்து, ஒரு வியாபாரியின் களத்தில் விடியற்காலையில் லாரிக்கு நெல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பலகை பனியில் நனைந்திருந்தது. தலையில் சும்மாடு, அதன் மேல் 60 கிலோ மூட்டை. பாதி ஏறும்போது கால் வழுக்கிவிட்டது. மூட்டையை விட்டுவிட்டு விழுந்திருந்தால் கையோ காலோதான் முறிந்திருக்கும். அவர் மூட்டையை விடவில்லை. அது கழுத்தோடு சேர்ந்து இறங்கியது.

கழுத்தில் ஐந்தாவது எலும்பும் ஆறாவது எலும்பும் சேரும் இடத்தில் தண்டுவடம் நசுங்கிவிட்டது. தகடு வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிரைக் காப்பாற்றியவர்களை நான் குறை சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது எங்களிடம் பேசியதெல்லாம் காலைப் பற்றித்தான். கால் வராது, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். கையைப் பற்றிக் கேட்டதற்கு "இவ்வளவுதான் இருக்கும்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையோடு ஆறு வருடம் ஓடிப்போனது.

அந்த "இவ்வளவுதான்" என்பதில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். தோளைத் தூக்குவார். முழங்கையை மடக்குவார். மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்குவார். முழங்கையை நீட்ட வராது, விரல் ஒன்றுகூட மடங்காது. மல்லாந்து படுத்திருக்கும்போது நெற்றியைச் சொறியக் கையைத் தூக்கினால், நீட்டிப் பிடிக்கும் பலம் இல்லாததால் முன்கை தொப்பென்று முகத்தில் விழும். ராத்திரியில் அந்தச் சத்தம் கேட்டு எழுந்திருக்கிறேன். ஒரு தடவை மூக்கில் ரத்தம் வந்துவிட்டது.

சாப்பிடுவதற்கு, பழைய ஜீன்ஸ் பேண்ட்டின் இடுப்புப் பட்டையை வெட்டி, உள்ளங்கையைச் சுற்றி வருகிற மாதிரி ஒரு பட்டை தைத்தேன். இரண்டு முனையிலும் ஒட்டு டேப். நடுவில் ஸ்பூனைச் சொருக ஒரு பை. அதைப் போட்டுவிட்டால் சாதம் அள்ளிச் சாப்பிடுவார். ஆனால் அதைப் போட்டுவிடவும் கழற்றவும் ஓர் ஆள் வேண்டும். டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துத் தூக்குவார். சூடு தெரியாத இடத்தில் பட்டால் கொப்பளம்தான்.

இன்னொன்றும் கவனித்திருந்தேன், அதற்கு அர்த்தம் தெரியாமலே. மணிக்கட்டை மேலே தூக்கும்போது அவர் விரல்கள் தானாகக் கொஞ்சம் உள்ளே மடங்கும். மணிக்கட்டைத் தொங்கவிட்டால் விரிந்துகொள்ளும். இதை வைத்து அவர் கர்ச்சீப், காகிதம் போன்ற லேசான சாமான்களைப் பிடித்துவிடுவார். ஏதோ உயிர் வருகிறது போல என்று கோயிலுக்கு வேண்டிக்கொண்டேன். விரலில் உயிர் வரவில்லை. அது மணிக்கட்டின் வேலை. விரலை மடக்கும் நாண்கள், அதாவது தசையை எலும்போடு கட்டியிருக்கும் கயிறுகள், முன்கையிலிருந்து மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டு பின்னால் வளைந்தால் அந்த நாண் இழுபடும், விரல் மடங்கும். அவ்வளவுதான் சூட்சுமம். அந்த இழுப்பு இருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்று அப்போது எனக்குத் தெரியாது.

தெரியாததால் செய்த தப்பையும் சொல்லவேண்டும், அந்தப் பையனின் அம்மா அதே தப்பைச் செய்யக்கூடாது. எண்ணெய் போட்டு நீவிவிட ஒருவர் வந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர், காசுகூடச் சரியாக வாங்கமாட்டார். அவர் மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே நேரத்தில் பின்னால் நீட்டி நீட்டி இழுப்பார். விறைப்பு போகும் என்று நானும் சும்மா இருந்தேன். அப்படிச் செய்தால் விரல் நாண் தொளதொளவென்று ஆகிவிடும், மணிக்கட்டைத் தூக்கினாலும் விரல் மடங்காது. மணிக்கட்டு மேலே இருக்கும்போது விரலை மடக்கவேண்டும், மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டுத்தான் விரலை நீட்டவேண்டும். இரண்டையும் சேர்த்து நீட்டவே கூடாது. முழங்கையை மடக்க மட்டும் பலம் இருப்பதால் அது மடங்கியபடியே இறுகிவிடப் பார்க்கும். ராத்திரியில் நீட்டி வைத்துப் படுக்க வைக்கவேண்டும். இது இரண்டும் ஒரு பைசா செலவில்லாத காரியம். பிற்பாடு எந்த ஆபரேஷன் செய்வதானாலும் இந்த மூட்டுகள் இறுகாமல் இருந்தால்தான் செய்யமுடியும்.

இடையில் ஒரு நகரத்தில் ஊசி போட்டால் தண்டுவடம் வளரும், நடந்துவிடலாம் என்றார்கள் என்று போனோம். என் ஐந்து பவுன் போயிற்று. காலும் வரவில்லை, கையும் வரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் எனக்குக் கை நடுங்கும், விடுங்கள்.

2022-ல் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. அவருக்காக மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வீட்டுக்கு வந்தது. சின்ன வயசுப் பெண். அத்தைக்குக் கை கால் பயிற்சி கொடுத்துக்கொண்டே, திண்ணையில் இவர் மணிக்கட்டைத் தூக்கி ஒரு கவரை இழுத்து எடுப்பதைப் பார்த்திருக்கிறது. அப்படியே வேலையை நிறுத்திவிட்டு வந்து, "அண்ணே, இன்னொரு வாட்டி தூக்குங்க" என்றது. தன் இரண்டு விரலால் அவர் புறங்கையை அமுக்கி, "இப்ப தூக்குங்க, விடாதீங்க" என்றது. அவர் விடவில்லை. அது என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, இவ்வளவு பலமா மணிக்கட்டு தூக்குதே, கைக்கு ஆபரேஷன் பண்றதைப் பத்தி யாருமே சொல்லலையா?" என்று கேட்டது.

யாருமே சொல்லவில்லை. அடையாள அட்டை முகாமில் சதவீதம் போட்டார்கள். மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை வருகிறது, அதற்கு நன்றி. ஆனால் அந்த ஆறு வருடத்தில் எத்தனை மேஜைக்கு முன்னால் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் உட்காரவைத்திருப்பேன்! ஒரு மேஜையிலும் ஒருவரும் அந்த இரண்டு விரலை வைத்து அமுக்கிப் பார்த்ததில்லை.

அந்தப் பெண்தான் விசாரித்து, டெல்டாவுக்கு வெளியே கை அறுவை சிகிச்சை பார்க்கும் ஒரு மருத்துவமனையைச் சொன்னது. அங்கே டாக்டர் முதலில் செய்ததை என்னால் மறக்கமுடியாது. மேஜையிலிருந்து காகிதத்துக்குப் போடும் ஒரு கிளிப்பை எடுத்து நீட்டி, இரண்டு முனையையும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வளைத்துக்கொண்டார். இவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் கட்டைவிரல் நுனியில் வைத்து, "ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டார். இவர் "ரெண்டு" என்றார். மறுபடி. "ஒண்ணு." மறுபடி. "ரெண்டு." எல்லாம் சரி. டாக்டர் சிரித்தார். கட்டைவிரலுக்கு இந்த உணர்ச்சி இருந்தால், பிடித்த பொருளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கத் தேவையில்லையாம், கையே சொல்லிவிடுமாம். இந்த கிளிப் பரிசோதனையை ஏற்படுத்தியவர் ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் மோபர்க் என்கிற கை அறுவை மருத்துவர். கழுத்து அடிபட்டவர்களின் கைக்கு அறுவை சிகிச்சை செய்து பயனில்லை என்று பலரும் ஒதுக்கியிருந்த காலத்தில், சின்னப் பிடி ஒன்று கிடைத்தாலும் அவர்களுக்கு அது பெரிது என்று 1970-களில் செய்து காட்டியவர். அவர் 1975-ல் எழுதிய கட்டுரையைத்தான் இன்றைக்கும் இந்தத் துறையில் எடுத்துப் பேசுகிறார்கள்.

டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நம் ஊரில் எல்லாவற்றையும் நரம்பு என்றுதான் சொல்வோம். நரம்பு வேறு, தசைநாண் வேறு. நரம்பு மூளையின் உத்தரவைக் கொண்டுவருவது. தசைநாண் என்பது தசையை எலும்போடு கட்டியிருக்கும் கயிறு. பாவாடை நாடாவை நினைத்துக்கொண்டேன். என் கணவரின் விரலுக்குப் போகும் நாடா அறுந்துபோகவில்லை, பட்டைக்குள் அப்படியே கிடக்கிறது. அதன் முனையைப் பிடித்து இழுக்கும் தசைக்குத்தான் உத்தரவு வருவதில்லை. பக்கத்திலேயே உத்தரவு வரும் தசைகள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் நாடாவைப் பிரித்து எடுத்து, இதன் முனையோடு சேர்த்துத் தைத்துவிட்டால்?

எடுத்த இடம் ஊனமாகிவிடாதா என்று கேட்டேன். மணிக்கட்டைத் தூக்க இரண்டு தசை இருக்கிறதாம். இரண்டும் பலமாக இருந்தால் ஒன்றை எடுத்து விரல்களை மடக்கக் கொடுக்கலாம், மணிக்கட்டுக்கு இன்னொன்று போதும். முழங்கையை மடக்கவும் மூன்று தசை இருக்கிறது. அதில் முன்கையோரமாக வரும் ஒன்றைக் கட்டைவிரலுக்குக் கொடுக்கலாம். அப்போது கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து அழுத்தும், நாம் சாவி பிடிப்போமே அந்தப் பிடி. தோளின் பின்பக்கத் தசையில் ஒரு பாகத்தை எடுத்து முழங்கையை நீட்டக் கொடுக்கலாம். அதற்கு நீளம் போதாது என்று காலிலிருந்து ஒரு நாண் எடுத்து நடுவில் இணைத்தார்கள். நடக்காத அவர் காலிலிருந்துதான்.

இரண்டு நாண்களையும் சும்மா முனையோடு முனை வைத்துத் தைப்பதில்லை. ஒன்றில் துளை போட்டு இன்னொன்றை ஊடே விட்டு, இழுத்து, மறுபடி துளைபோட்டு ஊடே விட்டு, பின்னல் மாதிரி பின்னி, அப்புறம் தைக்கிறார்கள். இழுவை எவ்வளவு என்பதுதான் கைத்திறமை. தொளதொளப்பாக விட்டால் பிடி கிடைக்காது, இறுக்கிவிட்டால் விரல் விரியாது. இதைக் கேட்டதும் டாக்டர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. ரவிக்கையில் நாடா வைப்பவளுக்கு அது தெரியும்.

கஷ்டத்தை மறைக்கக்கூடாது. முதலில் முழங்கை, சில மாதம் கழித்துக் கை என்று இரண்டு தடவையாகச் செய்தார்கள். முழங்கையை நீட்டியபடியே கட்டிவைத்து, அப்புறம் வாரத்துக்குப் பத்து பாகை என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மடக்க விட்டார்கள். கைக்கு ஒரு மாதம் கட்டு. அதற்கு அப்புறமும் இரண்டு மூன்று மாதத்துக்கு அந்தக் கையை ஊன்றக்கூடாது, சக்கர நாற்காலியைத் தள்ளக்கூடாது. அதுவரை அவர் தானாகச் செய்துகொண்டிருந்த கொஞ்ச நஞ்ச வேலையும் அந்த நாட்களில் போய்விட்டது. எல்லாம் நான்தான். மெஷின் தூசி படிந்து கிடந்தது. தீபாவளித் தையல் முழுக்கப் போய்விட்டது. என் தங்கை வந்து தங்கியிருக்காவிட்டால் நான் பாதியில் விட்டிருப்பேன். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் அந்த மூன்று நான்கு மாதத்துக்கு வீட்டில் இன்னொரு ஆளை ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள்.

பயிற்சியும் புதுமாதிரியாக இருந்தது. கட்டைவிரலை மடக்கு என்று மூளைக்குச் சொன்னால் ஒன்றும் நடக்காது. அங்கே புதிதாக வந்து சேர்ந்திருப்பது முழங்கைத் தசை அல்லவா? "முழங்கையை மடக்குற மாதிரி நினைங்க" என்பார்கள். நினைப்பார், முகம் சிவந்துவிடும். கட்டு பிரித்த நான்காம் நாள் சாயங்காலம், மல்லிகைப் பந்து கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். மேஜை விளிம்பில் வைத்திருந்த ஒரு ரூபாய் நாணயத்தை நோக்கிக் கட்டைவிரல் மெல்ல, மிக மெல்ல, ஒரு நத்தை திரும்புவது போல வந்து நாணயத்தின் மேல் நின்றது. அழுத்தியது. நகத்துக்கடியில் ரத்தம் வெளுத்து மறுபடி சிவந்தது. ஆறு வருடமும் சொச்ச மாதமும் அந்த நகம் அப்படி வெளுத்ததே இல்லை. "என்னங்க" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவரால் என்ன முடியும், என்ன முடியாது என்று சொல்லிவிடுகிறேன். சட்டைப் பொத்தான் போட வராது. விரல்களைத் தனித்தனியாக அசைக்க வராது, விரித்துப் பிடிக்க வராது. சாவிப் பிடியின் பலம் ஒன்றரைக் கிலோ என்று கருவி காட்டியது, நமக்கெல்லாம் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். ஆனால் அந்த ஒன்றரைக் கிலோவில் அவர் ஸ்பூன் பிடிக்கிறார், என் பட்டை அலமாரியில் கிடக்கிறது. பேனா பிடிக்கிறார். ஏ.டி.எம். அட்டையை உருவுகிறார். பிரஷ்ஷைப் பிடித்துப் பல் துலக்குகிறார். உங்கள் நாளிதழின் பக்கத்தைப் புரட்டுகிறார். படுத்தபடி கையைத் தூக்கினால் அது தூக்கியபடி நிற்கிறது. மூக்கில் விழுவதில்லை.

பெண்பிள்ளை பத்திரிகைக்கு எழுதுகிற விஷயமா என்று நினைப்பார்கள், ஆனாலும் எழுதுகிறேன். கழுத்து அடிபட்டவர்கள் பலருக்குச் சிறுநீர் தானாகப் போகாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டு எடுக்கவேண்டும். ஆறு வருடம் பகலும் ராத்திரியும் அதை நான்தான் செய்தேன். எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை, போனாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஓடிவருவேன். இப்போது அதை அவரே செய்துகொள்கிறார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் குழாயைப் பிடிக்க அந்தச் சாவிப் பிடி போதும். போன வைகாசியில் மயிலாடுதுறையில் என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போய் ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் வந்தேன். அவருக்கும் அதில்தான் பெரிய நிம்மதி. மனைவியே ஆனாலும் ஒருவரிடம் அதற்காகத் தினமும் ஆறு தடவை கேட்டுக்கொண்டிருப்பது ஓர் ஆண்பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்!

பார்க்கிறவர்கள் எல்லாரும் "நடப்பாரா?" என்றுதான் கேட்கிறார்கள். அவர் ஒருநாளும் கால் வேண்டும் என்று அழுததில்லை. "நடக்க வேணாம்டா சாமி, கை ஒண்ணு குடு" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். இவர் மட்டும் அப்படி இல்லை. அமெரிக்காவில் தண்டுவடம் அடிபட்டவர்களிடம் எது திரும்பி வந்தால் வாழ்க்கை நன்றாகும் என்று கேட்டு, 2004-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கை கால் நான்கும் போனவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் முதலில் சொன்னது கையைத்தான். நடையை முதலாவதாகச் சொன்னவர்கள் மிகக் குறைவு.

அந்தப் பையனைப் பற்றி அவசரப்படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் கணவருக்கு நடந்தது நாணை மாற்றித் தைப்பது. மூட்டு இறுகாமல் இருந்தால் அதை எத்தனை வருடம் கழித்தும் செய்யலாம், ஆறு வருடம் கழித்துச் செய்ததற்கு எங்கள் வீடே சாட்சி. ஆனால் நரம்பையே மாற்றி இணைக்கும் அறுவை சிகிச்சையும் இப்போது வந்திருக்கிறது. முழங்கையை மடக்கும் தசை ஒன்றுக்குப் போகும் நரம்புக் கிளையைப் பிரித்து, விரலை மடக்கும் நரம்போடு இணைக்கிறார்கள். முன்கையை மல்லாத்தும் தசையின் நரம்பை எடுத்து விரல்களை விரிக்கும் நரம்புக்குக் கொடுக்கிறார்கள். என் கணவருக்கு வராத அந்த விரிப்பு இதில் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 16 பேருக்கு இதைச் செய்து, சிலருக்கு நாண் மாற்றத்தையும் சேர்த்துச் செய்து, இரண்டு வருடம் கவனித்துப் பார்த்து 2019-ல் வெளியிட்டிருக்கிறார்கள். எல்லாரும் இளவயதுக்காரர்கள். அடிபட்டுப் பதினெட்டு மாதத்துக்குள் இருந்தவர்கள்.

அந்தக் காலக்கெடுவில்தான் விஷயமே இருக்கிறது. இணைத்த நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் வளர்ந்து போகும். அது போய்ச் சேருவதற்குள் தசை செத்துப்போகக்கூடாது. அதனால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் செய்துவிடுவது நல்லது என்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கதவு நாங்கள் அறியாமலே அடைபட்டுவிட்டது. இந்தப் பையனுக்கு ஆடி பதினெட்டில்தான் அடிபட்டது. அடுத்த ஆடிப்பெருக்குக்குள் யாராவது அவன் கையைப் பார்க்கவேண்டும். எல்லாருக்கும் இது ஆகாது என்பதும் உண்மை. அடி எந்த எலும்பில், எந்தத் தசை மிச்சம் என்பதைப் பொறுத்தது. கழுத்தின் மேல்பாகத்தில் பட்டிருந்தால் இரவல் வாங்கத் தசையே இருக்காது. ஆனால் ஆகுமா ஆகாதா என்பதைப் பார்த்துச் சொல்லவேண்டும். பார்க்காமலே "இவ்வளவுதான்" என்று அனுப்பக்கூடாது.

இதெல்லாம் வெளிநாட்டு வைத்தியம், நமக்கு எட்டாது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஓடுகிற தசையை இரவல் வாங்கி ஓடாத விரலுக்குக் கொடுக்கும் வித்தை நம் தமிழ்நாட்டில் எழுபது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் கடைசியிலிருந்து தொழுநோயால் மடங்கிப்போன கைகளை இப்படித்தான் நிமிர்த்தினார். அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கால்கள் செயலிழந்த பின்னும், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியில் 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் திறந்தார்கள். கொல்லிமலை எங்கள் ஊரிலிருந்து அரை நாள் பயணம். அவ்வளவு பக்கத்தில் பிறந்தவர் செய்து காட்டிய வேலை காவிரிக் கரைக்கு வந்து சேராமல் இருப்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

டெல்டாவில் கழுத்து முறிவதற்குக் காரணத்துக்கா பஞ்சம்? மூட்டை தூக்குகிறவர்கள், தென்னை ஏறுகிறவர்கள், ஆற்றங்கரைச் சாலையில் இருட்டில் பைக்கில் வருகிறவர்கள், புதுத்தண்ணீரைக் கண்டதும் மதகிலிருந்து பாய்கிற பிள்ளைகள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்ததும் ஆறு நிறைந்த மாதிரி தெரியும், மணல் எங்கே ஏறியிருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. கலங்கல் தண்ணீர். காலை முதலில் விட்டு இறங்கிப் பாருங்கள் என்று ஒவ்வொரு மதகிலும் எழுதி வைத்தால் என்ன? பள்ளிக்கூடத்தில் சொன்னால் என்ன?

அரசாங்கத்திடம் நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. கழுத்து அடிபட்டவரை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டில், மணிக்கட்டு தூக்குகிறதா, முழங்கை நீளுகிறதா, கட்டைவிரலில் உணர்ச்சி இருக்கிறதா என்று தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். அடுத்து எப்போது, யாரிடம் கையைக் காட்டவேண்டும் என்றும் எழுதட்டும். அடையாள அட்டை முகாமில் சதவீதம் போடுகிற மேஜைக்குப் பக்கத்தில், கையைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் உட்காரட்டும். வீடு வீடாக வருகிற பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கு இந்த அமுக்கிப் பார்க்கும் பரிசோதனையைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது, அதனால்தான் இந்தக் கடிதம். அப்புறம், கை அறுவை மருத்துவர் ஒருவர் மாதத்தில் ஒரு நாளாவது தஞ்சாவூருக்கு வந்து இப்படிப்பட்டவர்களை மட்டும் பார்த்தால், படுத்திருப்பவரை வேனில் போட்டு ராத்திரி முழுக்கப் பயணம் செய்யவேண்டிய அவஸ்தை இருக்காது. அந்த வேன் வாடகைக்குப் பயந்தே எத்தனை பேர் வீட்டிலேயே இருக்கிறார்களோ!

கடைசியாக உங்களிடம் ஒரு உதவி. செய்தியில் அந்தப் பையனின் ஊர் மட்டும்தான் இருந்தது. உங்கள் நிருபருக்கு வீடு தெரிந்திருக்கும். இந்தக் கடிதம் அச்சில் வந்தாலும் வராவிட்டாலும் அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் சரி என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோ பிடித்து வருகிறோம். என் கணவர் கையைக் காட்டுவார். தொட்டுப் பார்க்கட்டும், என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும். விரலை எப்படி நீட்டவேண்டும், எப்படி நீட்டக்கூடாது என்று நான் அந்த அம்மாவுக்குச் செய்து காட்டுகிறேன்.

எங்கள் பெயரும் முகவரியும் தனித்தாளில் வைத்திருக்கிறேன், அதை அச்சில் போடவேண்டாம். அந்தத் தாளை எழுதியது அவர். எழுத்து கொஞ்சம் பெரிதாகவும் சாய்ந்தும் இருக்கும். பின்கோடு சரியாகத்தான் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
தையல் தைக்கும் ஒரு வாசகி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.